ரோஜாவுக்கு நான் செய்த திருமஞ்சனம்

கண்ணா,

நீ புரட்டாசியில் கேட்ட கேள்விக்கு மாசியில் பதில் எழுதுகிறேன். முத்துலட்சுமியைக் கல்யாணம் செய்துகொள்ள எனக்குச் சம்மதமா என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். அதற்குப் பிறகு நீ புனேயிலிருந்து வாரா வாரம் போன் செய்தாய், வீடியோவில் முகம் காட்டினாய், "அப்பா, ஏதாவது சொல்லுங்கோ" என்றாய். ஒவ்வொரு தடவையும் போனை உன் அம்மா கையில் திணித்துவிட்டு நழுவினேன். போனில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும், இல்லாவிட்டால் தொண்டை அடைக்கும். இரண்டுக்கும் இடம் கொடுக்காமல் பேச எனக்குத் தெரிந்த வழி எழுதுவதுதான். இப்போது நல்ல காலை வேளை. உன் அம்மா அடுக்களையில் தளிகை பண்ணிக்கொண்டிருக்கிறாள். நான் கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எதிரே ரோஜாச் செடிகள். பதிலை முதல் வரியிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் அது எனக்கு ஒரு நாளில் வந்துவிடவில்லை. வந்த வழி முழுக்க நீயும் என்னோடு ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அவசரப்படாமல் படி.

உனக்கு இந்தக் கொல்லை என்றால் கிரிக்கெட் பந்து தொலைகிற இடம். நான் ரிடையர் ஆன பிறகு பாதி நாள் வாழ்வது இங்கேதான். கோபுரத்துக்குப் பின்னால் வானம் வெளுக்க ஆரம்பிக்கும்போது செடிகள் இருட்டிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். முதலில் வெள்ளைப் பூ தெரியும், அப்புறம் பன்னீர் ரோஜாவின் இளஞ்சிவப்பு. சிவப்பு மட்டும் வெகுநேரம் கறுப்பாகவே நின்றுவிட்டுக் கடைசியில்தான் சிவக்கும். காவிரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வரும், யார் ஆத்திலோ டிகாக்‌ஷன் இறங்குகிற வாசனை வரும். அந்த நேரத்தில் நான் தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. எத்தனையோ நாள் அந்த அரைத்தூக்கத்தில் நீ சின்னப் பையனாகச் செடிகளுக்கு நடுவில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். கூப்பிட வாயைத் திறந்தால் சேவல் கூவிவிடும், நீ போய்விடுவாய்.

நம் ஆத்து ரோஜா எல்லாம் வீதிக்கோடியில் இருக்கிற சின்னக் கிருஷ்ணன் சன்னிதிக்குப் போவது உனக்குத் தெரியும். ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்கு நந்தவனங்கள் உண்டு. இந்தக் குட்டிக் கிருஷ்ணனுக்கு நம் கொல்லைதான் நந்தவனம். ஸ்நானம் செய்துவிட்டு, மடியாக, நானோ உன் அம்மாவோதான் பறிப்போம். முகர்ந்து பார்க்க மாட்டோம். வெளி மனுஷர்கள் யாரையும் பறிக்க விட்டதில்லை. இதையெல்லாம் நீ பார்த்து வளர்ந்தாய். நீ கவனிக்காத இரண்டு காரியங்களும் உண்டு. சாயங்காலம் நான் செடிகளுக்கு வேரில் தண்ணீர் ஊற்ற மாட்டேன். சொம்பில் மொண்டு தலையில் ஊற்றுவேன். சுவாமிக்குப் பூக்கொடுக்கிற செடியாயிற்றே, அதற்கும் ஒரு திருமஞ்சனம் நடக்கட்டும் என்று ஒவ்வொரு இலையும் நனைய நனைய நிதானமாக ஊற்றுவேன். பிறகு இந்தக் கல்லில் உட்கார்ந்து இலைகள் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். அதைவிடச் சுகம் எனக்கு இந்த வயதில் வேறு இல்லை. இன்னொன்று, உதிர்ந்த இலைகள். அவற்றைக் கார்ப்பரேஷன் குப்பை வண்டியில் போட எனக்கு மனசு வராது. யார் காலிலும் படக்கூடாது என்று கையால் பொறுக்கி, அந்தந்தச் செடியின் அடியிலேயே மெத்தை போல் பரப்பி வைப்பேன். இதை ஒரு சேவையாகவே செய்து வந்தேன், கொஞ்சம் கர்வத்தோடு.

அப்புறம் நீ அவளை அழைத்துக்கொண்டு வந்தாய். ஊர் மருங்காபுரி, அப்பா மானாவாரி விவசாயம், ஜீயபுரம் பக்கத்து வாழைத் தோட்டங்களுக்கெல்லாம் இவள்தான் விவசாய அலுவலர், ஸ்கூட்டியில் போய்ப் பார்க்கிறாள் என்று நீ மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் அம்மா காபி கலக்கப் போனாள். அந்தப் பெண் கேட்காமல் கொள்ளாமல் கொல்லைக்கு நடந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஓடிப் பார்த்தால், பன்னீர் ரோஜா ஒன்றைக் கையில் ஏந்தி, கண்ணை மூடி, மூச்சை இழுத்து முகர்ந்துகொண்டிருக்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், குனிந்து கீழே இருந்த ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"அங்கிள், சாயந்திரத்துல இலை மேல தண்ணி ஊத்துறீங்களா?"

"ஆமாம்மா. ஏன்?"

"இது கரும்புள்ளிங்க. பூஞ்சாண நோய். ராத்திரி முழுக்க இலை ஈரமா இருந்தா அதுக்குக் கொண்டாட்டம். கீழ கொட்டுன இலைய வேற அடியிலயே போட்டு வச்சிருக்கீங்க, மழைத்தண்ணி தெறிக்கிறப்ப அதுலேருந்துதான் மேல ஏறும்."

"இது சுவாமி செடி. எத்தனையோ வருஷமா இப்படித்தான் பண்ணிண்டிருக்கேன்."

"அத்தன வருஷமாவும் புள்ளி இருந்திருக்கும் அங்கிள். நீங்க பூவப் பார்த்திருப்பீங்க. இலையப் பார்த்திருக்க மாட்டீங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள், ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் காந்தல் அடங்குவதற்குள் நீ கூடத்தில் என்னை உட்காரவைத்து உன் கேள்வியைக் கேட்டாய். நான் எழுந்துபோனதற்கு அவள் சொன்ன கரும்புள்ளிதான் காரணம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். உன் அம்மா நம்பவில்லை. எனக்கும் அது பாதி உண்மை என்று தெரியும். மறுபாதியைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் நம் ஜாதி இல்லை. நான் கெட்டவனில்லை கண்ணா, ரயில்வே ஆபீஸில் எல்லாரோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவன்தான். ஆனால் ஆபீஸ் வேறு, இந்தக் கொல்லை வேறு என்று நான் எனக்குள் ஒரு சுவர் எழுப்பி வைத்திருக்கிறேன் என்பது அவள் அந்தப் பூவை முகர்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அவள் இந்த ஆத்துக்கு வந்தால் பூவை யார் பறிப்பது? வீதியில் என்ன பேசுவார்கள்? சன்னிதியில் பட்டர் என் பூக்குடலையை வாங்குவாரா? இதைத்தான் நினைத்துப் பயந்தேன், வெட்கமாகவும் இருந்தது.

அவள் முகர்ந்த பூவைக் கிருஷ்ணனுக்குக் கொடுக்க முடியாது என்று மறுநாள் தனியாகப் பறித்து அடுக்களை மேடையில் வைத்துவிட்டேன். உன் அம்மா அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். "கல்யாணமாகி வந்த நாளா நம்மாத்து ரோஜா என் தலைல ஏறினதே இல்லை. அந்தப் பொண்ணு புண்ணியத்துல இன்னிக்கு ஏறித்து" என்றாள். வெகுநேரம் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அன்றைக்கே அவள் உன் கட்சிக்குப் போய்விட்டாள் என்று இப்போது புரிகிறது.

வீம்புக்கு அன்று சாயங்காலம் இரண்டு சொம்பு அதிகமாகவே ஊற்றினேன். ஐப்பசி பிறந்தது, அடைமழை பிடித்துக்கொண்டது. நாள் முழுக்க வானம் ஒரே சாம்பல் நிறம், காலையா மாலையா என்று தெரியாத வெளிச்சம், கொல்லை முழுக்கச் சொட்டுச் சத்தம். அந்தச் சத்தத்தில் நான் ஜன்னலோரம் கிறங்கிக் கிடப்பேன். கண் திறக்கும்போதெல்லாம் செடிகளில் ஏதோ குறைந்தது போல் இருக்கும். கிட்டே போய்ப் பார்க்கப் பயம். ஒரு நாள் போனேன். அடி இலைகளில் கறுப்பு வட்டங்கள், ஓரம் நார் நாராகப் பிரிந்து, யாரோ மையை உதறிவிட்டது மாதிரி. சுற்றிலும் மஞ்சள். தொட்டால் இலை கையோடு வருகிறது. கீழிருந்து மேலே ஒவ்வொரு கணுவாக ஏறிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? விழுந்த இலைகளை இன்னும் பக்தியோடு பொறுக்கி, இன்னும் கனமான மெத்தையாக அடியில் பரப்பினேன். நோய்க்கு நானே பந்தி பரிமாறினேன்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போடுங்கோளேன்" என்றாள் உன் அம்மா.

"என் செடியை எனக்குப் பார்த்துக்கத் தெரியும்."

"பார்த்துண்ட லட்சணம்தான் தெரியறதே!"

மழை விட்ட ஒரு நாள் மலைக்கோட்டைப் பக்கம் போய், கடைவீதி நெரிசலில் நசுங்கி, விதையும் மருந்தும் விற்கிற கடையில் ஒரு பொட்டலம் வாங்கினேன். ஆத்துக்கு வந்து படித்தால், தெளித்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, குழந்தைகளை அண்டவிடாதே என்று எச்சரிக்கை. குழந்தையை அண்டவிடக் கூடாததைக் குழந்தைக் கிருஷ்ணன் பூவில் எப்படித் தெளிப்பது? பொட்டலத்தைப் பரண்மேல் வைத்துவிட்டேன். ஒன்றும் செய்யாமல் இருந்தேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதில் நான் கெட்டிக்காரன் என்று நீதான் நன்றாக அறிவாயே.

கார்த்திகையில் ஒரு காலை, குடலையை எடுத்துக்கொண்டு வந்தால் ஒரு பூ இல்லை. குச்சி குச்சியாகச் செடிகள். நுனியில் இரண்டு மூன்று மொட்டுகள் திறக்கவும் தெம்பில்லாமல் பழுப்பேறி நின்றன. துளசியை மட்டும் எடுத்துக்கொண்டு சன்னிதிக்குப் போனேன். பட்டர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. திரும்பி வருகிற வழியில் வீதி நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது, கனவில் நடக்கிற மாதிரி எட்டு வைத்தும் வீடு வரவில்லை. வந்ததும் உன் அம்மாவிடம் நம்பர் வாங்கிப் போன் செய்தேன்.

"முத்துலட்சுமியா? நான் ஸ்ரீரங்கத்துலேர்ந்து…"

"சொல்லுங்க அங்கிள். இலையெல்லாம் கொட்டிருச்சா?"

அந்தக் குரலில் 'அப்பவே சொன்னேனே' என்பது ஒரு துளிகூட இல்லை. காய்ச்சல்காரர் வீட்டிலிருந்து போன் வந்தால் ஒரு டாக்டர் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டாள். அதற்கே எனக்குக் கண் கலங்கியது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "நானா சொல்ல மாட்டேன் அங்கிள். அவரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். நீ கேட்கவே இல்லை போலிருக்கிறது. உன் லட்சணம் அது.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கத்தரியும், டெட்டால் நனைத்த துணியும் பையிலிருந்து எடுத்தாள். "எல்லாத்தையும் பாதிக்குக் கீழ வெட்டணும், மொட்டோட" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டினாள். ஒரு செடி முடிந்ததும் கத்தரியைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த செடிக்குப் போனாள். ஒன்றின் நோயை இன்னொன்றுக்கு நம் கையே கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாது என்றாள். மொட்டுள்ள கிளை ஒவ்வொன்றும் விழும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நெருக்கிக்கொண்டிருந்த இரண்டு செடிகளைத் தோண்டி, வெயில் படும் சுவரோரம் நட்டாள். நகர்த்திய இரண்டில் ஒன்று செத்துப்போய்விட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் செய்வதெல்லாம் பலித்துவிடும் என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது. அது செத்ததற்கு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

கடைசியில் அந்த இலைக்குவியல். "எரிச்சிடணும் அங்கிள்" என்றாள். சுவாமி செடி இலையைத் தீயில் போடுவதா என்று நான் நின்றுவிட்டேன். அவளும் வற்புறுத்தாமல் நின்றாள். உன் அம்மா வந்து முறத்தில் வாரினாள். பின்கட்டு வெந்நீர் அடுப்புப் பக்கம் கொண்டுபோனாள். "உங்க ஸ்நானத்துக்கு வெந்நீர் போடறேன். பெருமாள் செடி எலைல காஞ்ச வெந்நீர், இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள். காய்ந்த இலை படபடவென்று எரிந்தது. புகையில் லேசாக ரோஜா மணம் இருந்தது, இல்லை எனக்கு அப்படித் தோன்றியது. அன்றைக்கு நான் குளித்த குளியல் போல் வாழ்நாளில் குளித்ததில்லை.

ரசாயன மருந்து எனக்கு ஒப்பவில்லை என்றதும் முகம் சுளிக்காமல், "அப்ப புளிச்ச மோரு இருக்கே" என்றாள். நன்றாகப் புளித்த மோரைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, காலையில் தெளிக்க வேண்டும், வெயில் ஏறி இலை உலர்ந்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றுவதும் காலையில்தான், வேரில் மட்டும். விழுகிற இலையை அன்றன்றைக்கே எடுத்துவிட வேண்டும். "இதெல்லாம் பண்ணினா முழுக்கப் போயிடுமாம்மா?" என்று கேட்டேன். "போகாது அங்கிள். அடுத்த மழைக்குத் திரும்ப எட்டிப் பார்க்கும். நாம பார்த்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள். கண்ணா, இந்த இடத்தில்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. போய்விடும் என்று சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்தியிருக்கலாம். கல்யாணம் என்று ஒன்று செய்துகொண்டால் இந்த மாதிரி மனுஷியோடு செய்துகொள்ள வேண்டும். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலும் ஏதாவது ஒரு மழைக்கு ஒரு புள்ளி எட்டிப் பார்க்கும். என் சொந்தக்காரர்கள் மூலமாக வரும், அவள் சொந்தக்காரர்கள் மூலமாக வரும், உன் சோம்பேறித்தனத்தால் நிச்சயம் வரும். வந்தால், நாம் ஏதோ தப்பானதைக் கட்டிக்கொண்டோம் என்று கலங்கிவிடாதே. குனிந்து அடி இலையைப் பார். முதல் புள்ளியிலேயே பேசிவிடு. அப்பா மாதிரி கொல்லைக்கு எழுந்து போகாதே.

மார்கழி முழுக்க நம் கொல்லையில் பூ இல்லை. அப்படி ஒரு மார்கழியை நான் பார்த்ததில்லை. பனி மூடின காலையில் வெட்டுப்பட்ட குச்சிகள் மட்டும் நிற்கும். பெரிய கோயில் பக்கமிருந்து ஸ்பீக்கரில் வருகிற பாட்டுப் பனியில் நனைந்து பாதி வார்த்தையோடு வந்து சேரும். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு மோர் தெளிப்பேன். "தயிர்சாதத்துக்கு மோர் இல்லை, ரோஜாவுக்கு மட்டும் பானை பானையா!" என்று உன் அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். சனிக்கிழமைகளில் முத்துலட்சுமி வருவாள். இதே கல்லில் உட்கார்ந்து காபி குடிப்பாள். உன்னைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டோம். கணு வீங்கியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்றே பேசுவோம். சில நாள் அதுவும் இல்லை. வெயில் சுவரில் இறங்கி வருவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருப்போம். ஒரு சனிக்கிழமை அந்த மௌனத்தில் நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது வெயில் என் முகத்தில் விழாமல் ஒரு முறத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அன்றைக்குத்தான் வெட்டிய கிளையில் முதல் தளிர் பார்த்தேன், செம்பு நிறத்தில், எண்ணெய் தடவியது மாதிரி மினுங்கிக்கொண்டு. ஒரு புள்ளி இல்லை.

அன்றே உனக்குப் போன் செய்து சம்மதம் என்று சொல்லியிருக்கலாம். உன் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். ஆனால் இந்த விஷயத்தில் சம்மதம் சொல்ல வேண்டியவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பார், அது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று தை மாதம் தெரிந்தது. "எங்கப்பா உங்களப் பார்க்கணுங்கறாங்க. அவங்களுக்கு இன்னும் மனசு ஒப்பல" என்றாள் முத்துலட்சுமி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களுக்கு ஒப்பவில்லையா? உன் அம்மா என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "போய்ட்டு வருவோம், வாங்கோ" என்றாள்.

பஸ் மாறி மாறி மருங்காபுரி போய்ச் சேர்ந்தோம். காவிரிக்கரையிலேயே கிடந்தவனுக்கு அந்தச் செம்மண் காடு வேறு உலகமாக இருந்தது. எங்கே பார்த்தாலும் வெளிச்சம், கடலை பிடுங்கின நிலம், நடுவில் ஓட்டு வீடு. அவள் அப்பா வாசலுக்கு வந்து, "வாங்கய்யா, வாங்கம்மா" என்று கைகூப்பினார். மெலிந்த மனுஷர், அளந்து பேசுகிறவர். உட்கார்ந்ததும் இளநீர் சீவிக் கொடுத்தார்கள். அடுக்களையிலிருந்து தாளிக்கிற வாசனை வருகிறது, ஆனால் சாப்பிடக் கூப்பிடவில்லை. நாங்கள் அவர்கள் வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று அவர்களே தீர்மானித்து, எங்களுக்குத் தர்மசங்கடம் வேண்டாம் என்று இளநீரோடு நிறுத்தியிருக்கிறார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. உன் அம்மா இளநீரைக் குடித்துவிட்டு, "இது தாகத்துக்கு ஆச்சு. பசிக்கு என்ன பண்ணியிருக்கேள்?" என்று கேட்டுவிட்டு நேரே அடுக்களைக்குள் போய்விட்டாள். அப்புறம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நானும் இலையில் உட்கார்ந்தேன். முதல் தடவையாகப் பூண்டு ரசம் சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டேன், இதை வீதியில் சொல்லிவிடாதே.

சாப்பிட்டு முடித்து வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தோம். அவர் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்கோ."

"எம்பொண்ணு உங்க வீட்டு ரோசாவப் பத்தி எங்ககிட்ட பேசாத நாளு இல்லைங்க. அது பாடுபட்டுத் தேத்துன செடி. பூத்துச்சுன்னா, அது கையால பறிச்ச பூவு உங்க சாமிக்கு ஆகுங்களா? ஆகும்னா கட்டிக் குடுக்கறேன். ஆகாதுன்னா, அது எங்க வீட்டுலயே இருந்துட்டுப் போகட்டும்."

உன் அம்மா என் பக்கம் திரும்பினாள். உதவிக்கு வரவில்லை. எனக்குப் பதில் தெரியும். ஆனால் ஆகும் என்று சும்மா சொல்லிவிட்டு வந்து, சன்னிதியில் பட்டர் தட்டிவிட்டால் அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? "செஞ்சுட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையசைத்தார். அதில் நம்பிக்கையும் இல்லை, கோபமும் இல்லை. கிளம்பும்போது ஒரு சாக்குப் பையில் செம்மண் கட்டிக் கொடுத்தார், ரோஜாவுக்கு நல்லதாம். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வெயிலும் குலுக்கலும் சேர்ந்து கண்ணைச் சொருகியது. நம் செடிகளெல்லாம் அந்தக் கடலைக் காட்டில் வரிசையாக நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று யாரையோ கேட்பது போல் ஒரு தோற்றம். யாரைக் கேட்கின்றன என்று பார்க்க எட்டினேன், விழிப்பு வந்துவிட்டது. மடியில் மண் சூடாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை, ஆபீஸ் போகிற வழியில் முத்துலட்சுமி வந்தாள். பன்னீர் ரோஜா நன்றாக மலர்ந்திருந்தது. நான் ஸ்நானம் முடித்துக் குடலையோடு நின்றேன்.

"ஸ்நானம் ஆச்சாம்மா?"

"குளிக்காமயா அங்கிள் ஆபீஸ் கிளம்புவாங்க?"

"அப்போ பறி" என்று குடலையை நீட்டினேன்.

அவள் குடலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அப்பா கேட்டது அவளுக்குத் தெரியும். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நாங்கள் கையால் கிள்ளுகிற மாதிரி கிள்ளவில்லை. கத்தரியால் காம்போடு, கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டி ஒவ்வொன்றாக வைத்தாள். ஒன்றைக்கூட முகரவில்லை. வழக்கத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, உன் அம்மாவாகத்தான் இருக்கும்.

சன்னிதிக்கு நான் மட்டும் போனேன். வெள்ளிக்கிழமையாதலால் பத்துப் பேராவது நின்றார்கள், எதிராத்து மாமி உள்பட. பட்டர் குடலையைப் பார்த்துவிட்டு மலர்ந்தார். "ரொம்ப நாளாச்சே உம்ம ஆத்துப் புஷ்பம் வந்து!" என்றார். ஒன்றை எடுத்துப் பார்த்தார். "என்ன, காம்போட இருக்கு? இது நீர் பறிச்சதில்லையே. யார் பறிச்சா?"

அந்த நிமிஷத்தில் நான் உன் அம்மா பறித்தாள் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"என் மாட்டுப்பெண்" என்றேன்.

"பையனுக்குக் கல்யாணம் ஆயிடுத்தா? சொல்லவே இல்லையே!"

"ஆகப்போறது. பொண்ணு மருங்காபுரி. விவசாயக் குடும்பம்."

பின்னால் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. பட்டர் குடலையைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார். பிறகு அவர் திரும்பி உள்ளே போனார். காம்பைக் கிள்ளாமல், ஒன்றைக்கூட ஒதுக்காமல், எல்லாவற்றையும் கிருஷ்ணன் திருவடியில் சாத்தினார். தீர்த்தம் கொடுக்க வரும்போது, "பொண்ணையும் அழைச்சுண்டு வாரும்" என்று மட்டும் சொன்னார். எதிராத்து மாமி என்னைப் பார்க்காமல் வெளியே போனாள். போகட்டும்.

சன்னிதி வாசலிலேயே நின்று மருங்காபுரிக்குப் போன் செய்தேன். "உங்க பொண்ணு பறிச்ச பூ சுவாமிக்கு ஆச்சு. திருவடியில இருக்கு. நீங்களே வந்து பார்த்துக்கோங்கோ" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "எப்ப வரட்டுங்க?" என்றார்.

பங்குனி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். டிக்கெட் போட்டுக்கொண்டு நீயும் வந்து சேர். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் சன்னிதியில் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன், அதற்காக அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே. இத்தனை மாதம் கழித்து வாய் திறந்தது, திறந்த இடம் அதுவாகிவிட்டது.

உன் அப்பா